என்பும் மஞ்சளும்

நுழையும்முன்

அடுக்களையிலும் மங்கல நிகழ்விலும் மருத்துவத்திலும் நீங்காத இடம் பெற்றது மஞ்சள். அதற்கு நிறம் தரும் வேதிப்பொருள், எலும்பைக் கரைக்கும் செல்கள் உருவாவதைத் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்துள்ளன. ஆய்வுக்கூடத்தில் கண்ட இவ்வுண்மை, முதுமையில் எலும்பு முறியாமல் காக்கும் மருந்தாகிவிடுமா? இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காட்டுகிறது இப்பாடம்.

மஞ்சள் விளையும் மண்

பவானி நகருக்கு அருகே பவானி ஆற்றிலிருந்து பிரிந்து, ஈரோட்டைக் கடந்து செல்கிறது காலிங்கராயன் வாய்க்கால். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட இவ்வாய்க்காலின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வாழையும் செழிக்கின்றன. அவற்றோடு கொங்கு நாட்டின் அடையாளமாகிய மஞ்சளும் செழிக்கிறது. வைகாசி, ஆனித் திங்கள்களில் நடப்படும் மஞ்சள், ஏறத்தாழ ஒன்பது மாதம் மண்ணுக்குள் இருந்து முற்றுகிறது. தை முதல் பங்குனி வரையிலான காலத்தில் அதனை வெட்டியெடுத்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, மெருகேற்றி, விரலி என்றும் கிழங்கு என்றும் பிரித்து ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்புகின்றனர். பவானிசாகரில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பி.எஸ்.ஆர்.1, பி.எஸ்.ஆர்.2 ஆகிய மஞ்சள் இரகங்கள் உழவர்கள் நன்கறிந்தவை. 2019ஆம் ஆண்டு ஈரோட்டு மஞ்சள் புவிசார் குறியீடும் பெற்றது.

இம்மஞ்சள் வயல்களில் களையெடுப்பவர்களும் கிழங்கு பிரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து உழைத்த உடல், ஐம்பது வயதைக் கடந்தபின் மெல்ல வலுவிழக்கிறது. கிணற்றடியிலோ வாசற்படியிலோ கால் இடறி விழுந்தால் இளையோருக்குச் சிராய்ப்போடு போகிறது. அறுபது வயது கடந்தவருக்கோ இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. அம்முறிவுக்குப்பின் பிறர் துணையின்றி நடக்க இயலாதோர் பலர். வீட்டைத் தாங்கிய ஒருவர் படுக்கையில் விழும்போது, அக்குடும்பத்தின் உழைப்பும் வருவாயும் பெண்பிள்ளைகளின் படிப்பும்கூடத் தடுமாறுகின்றன.

ஆகவே, 'மஞ்சளில் உள்ள குர்குமின் எலும்பைக் காக்கும்' என்ற விளம்பரத்தைக் காணும்போது அதனைப் பொருட்படுத்தாமல் விடுவதற்கில்லை. அதனை அப்படியே நம்பிவிடுவதற்கும் இல்லை. எலும்புக்குள் நடப்பது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

எலும்பு ஓர் உயிருள்ள உறுப்பு

வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அருங்காட்சியகத்தில் காணும் எலும்புக்கூட்டை நினைத்து, எலும்பு என்பது கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் எலும்பு, இரத்தம் பாயும் உயிருள்ள உறுப்பாகும். கொலாஜன் என்னும் புரத இழைகளின் மீது கால்சியம், பாஸ்பேட் ஆகிய தாதுக்கள் படிந்து எலும்பு உருவாகிறது. இழைகள் எலும்புக்கு நெகிழ்வையும் தாதுக்கள் உறுதியையும் தருகின்றன. உடலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் சேமிக்கப்பட்டுள்ளது.

நாள்தோறும் உடலின் எடையைத் தாங்கும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் தோன்றுகின்றன. அவற்றைச் சீர்செய்யும் பணி ஓயாது நடைபெறுகிறது. வாய்க்கால் கரையைப் பழுதுபார்க்கும் முறையை இதற்கு ஒப்பிடலாம். கரையில் விரிசல் விட்ட இடத்தின்மேல் புதுமண்ணைப் பூசினால் அது நிலைக்காது. இளகிய மண்ணை முதலில் வெட்டியெடுத்துவிட்டு, அக்குழியில் புதுமண் இட்டுக் கெட்டிக்க வேண்டும். எலும்பிலும் அவ்வாறே இருவகைச் செல்கள் பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. பழுதுற்ற எலும்பைக் கரைத்து நீக்குபவை ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள். இவற்றை எலும்பு கரைக்கும் செல்கள் எனலாம். அக்குழியில் புதிய எலும்பை உருவாக்குபவை ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள். இவற்றை எலும்பு ஆக்கும் செல்கள் எனலாம். ஓரிடத்தைக் கரைப்பதற்குச் சில வாரங்களே போதும். அவ்விடத்தை மீண்டும் நிரப்புவதற்கு மூன்று, நான்கு மாதங்கள் ஆகின்றன. இவ்வாறு வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது.

வெட்டும் அளவும் நிரப்பும் அளவும் ஒத்திருக்கும்வரை எலும்பு வலுவுடன் இருக்கும். வெட்டுவது மிகுந்து நிரப்புவது குறைந்தால் எலும்பின் உட்புறம் தேன்கூடு போலத் துளைகள் பெருகி மெலிகிறது. இதுவே எலும்புப்புரை நோய். வலியோ வேறு அறிகுறியோ இல்லாமல் பல ஆண்டுகள் வளரும் இந்நோய், பெரும்பாலும் எலும்பு முறிந்த பின்னரே வெளிப்படுகிறது.

கரைக்கும் செல் பிறக்கும் விதம்

எலும்பு கரைக்கும் செல்களுக்கு 1873ஆம் ஆண்டு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயரிட்டவர் கோலிக்கர் என்னும் அறிஞர். பல உட்கருக்களைக் கொண்ட பெரிய செல்களாக அவை நுண்ணோக்கியில் தோன்றின. அவை எங்கிருந்து தோன்றுகின்றன என்பது நீண்ட காலம் விளங்கவில்லை. எலும்பு மஜ்ஜையில் தோன்றி இரத்தத்தில் உலவும் வெள்ளையணு இனத்தைச் சேர்ந்த முன்னோடிச் செல்களே ஒன்றோடொன்று இணைந்து ஆஸ்டியோகிளாஸ்ட்டாக மாறுகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. நோய்க்கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களும் இவையும் ஒரே வழித்தோன்றல்களாகும்.

முன்னோடிச் செல் தானாகவே கரைக்கும் செல்லாக மாறிவிடுவதில்லை; அதற்குக் கட்டளை வேண்டும். அக்கட்டளையைத் தரும் புரதம் 1998ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியே ஆய்ந்த குழுக்களால் அடையாளம் காணப்பட்டது. அதன் பெயர் ரேங்க்-எல். எலும்பு ஆக்கும் செல்களும் எலும்புக்குள் புதைந்து வாழும் ஆஸ்டியோசைட் செல்களும் அதனை உருவாக்குகின்றன. முன்னோடிச் செல்லின் மேற்பரப்பில் ரேங்க் என்னும் ஏற்பி உள்ளது. பூட்டில் திறவுகோல் பொருந்துவது போல ரேங்க்-எல் அதில் பொருந்துகிறது. இத்திறவுகோல் பூட்டை அடையாதவாறு இடைமறிக்கும் மற்றொரு புரதமும் உடலில் உண்டு. ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்னும் அதன் பெயருக்கு எலும்பைக் காப்பது என்பது பொருள். இவ்விரு புரதங்களின் விகிதமே எலும்பு எந்த அளவுக்குக் கரையும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பூட்டு திறந்தபின் செல்லின் உள்ளே நிகழ்வனவற்றைக் காண்போம். என்எஃப் கப்பா பி என்னும் புரதத் தொகுதி, இயல்பான நிலையில் ஒரு காவல் புரதத்தால் பிணைக்கப்பட்டு உட்கருவுக்கு வெளியே முடங்கிக் கிடக்கும். ரேங்க்-எல் பொருந்தியவுடன் ஒரு நொதி விழித்தெழுந்து, காவல் புரதம் சிதைவதற்கு வழிசெய்கிறது. விடுபட்ட என்எஃப் கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து, உரிய மரபணுக்களை இயக்குகிறது. முன்னோடிச் செல்கள் ஒன்றிணைகின்றன. பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல் பிறக்கிறது. அச்செல் எலும்பின் மேற்பரப்பில் இறுகப் படிந்து, தனக்கும் எலும்புக்கும் இடையே மூடிய வெளியொன்றை அமைத்துக்கொள்கிறது. அவ்வெளியில் அமிலத்தைச் சுரந்து தாதுக்களைக் கரைக்கிறது. நொதிகளைச் சுரந்து கொலாஜன் இழைகளைச் சிதைக்கிறது.

மாதவிடாய் முற்றிலும் நின்றபின் பெண்களுக்கு எலும்புப்புரை மிகுவதன் காரணத்தை இப்போது விளங்கிக்கொள்ளலாம். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ரேங்க்-எல் அளவைக் கட்டுக்குள் வைத்து, காக்கும் புரதத்திற்குத் துணைநிற்கிறது. அந்த ஹார்மோன் குறையும்போது திறவுகோல்கள் பெருகுகின்றன. கரைக்கும் செல்கள் மிகுதியாகப் பிறக்கின்றன. அவை நீண்ட நாள் வாழவும் செய்கின்றன. நிரப்பும் செல்களால் அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலுவதில்லை.

மஞ்சளின் குறுக்கீடு

மஞ்சளின் நிறப்பொருளை 1815ஆம் ஆண்டு வோகல், பெல்லெட்டியர் ஆகிய அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். குர்குமின் எனப்படும் அப்பொருளின் வேதியமைப்பு 1910ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, எலும்பு ஆய்வாளர்களின் கவனம் அதன்பால் திரும்பியது.

2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எலியின் மேக்ரோபேஜ் இனச் செல்களை ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்து, அவற்றுக்கு ரேங்க்-எல் அளித்தனர். எதிர்பார்த்தவாறே அவை இணைந்து கரைக்கும் செல்களாக மாறின. ரேங்க்-எல் உடன் குர்குமினையும் சேர்த்தபோது அம்மாற்றம் ஒடுங்கியது. காவல் புரதத்தைச் சிதையச் செய்யும் நொதியைக் குர்குமின் தடுத்தது. அதனால் என்எஃப் கப்பா பி உட்கருவுக்குள் நுழைய இயலவில்லை. திறவுகோல் பூட்டில் பொருந்திய பின்னும் கதவு திறக்கவில்லை என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். வேறு ஆய்வுக்குழுக்களும் குர்குமின் கரைக்கும் செல்களின் உருவாக்கத்தைக் குறைப்பதையும் அவற்றின் இறப்பை விரைவுபடுத்துவதையும் கண்டன.

மஞ்சள் மட்டுமே இத்தகைய இயல்புடையது என்பதற்கில்லை. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால், சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன், அமுக்கராவில் உள்ள வித்தாஃபெரின் முதலிய பல தாவரப் பொருள்கள் கிண்ணத்தில் உள்ள செல்களிடம் இதுபோன்ற விளைவைக் காட்டியுள்ளன. தாவரங்கள் தம்மைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ள உருவாக்கும் வேதிப்பொருள்களுள் பல, விலங்குச் செல்களின் புரதங்களோடும் வினைபுரிகின்றன. ஆதலால் கிண்ணத்தில் விளைவைக் காண்பது தொடக்கமே.

கிண்ணமும் எலியும் மனிதரும்

கிண்ணத்தில் செல்லுக்கும் மருந்துக்கும் இடையே தடையேதும் இல்லை. உடலிலோ அம்மருந்து குடலைக் கடந்து, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தின் வழியே எலும்பை அடைய வேண்டும். இவ்வழியில்தான் குர்குமின் தளர்ந்துவிடுகிறது. அது நீரில் எளிதில் கரையாது. குடலால் சிறிதளவே உறிஞ்சப்படும். உறிஞ்சப்பட்டதையும் குடற்சுவரும் கல்லீரலும் வேறு மூலக்கூறுகளோடு பிணைத்து விரைவில் வெளியேற்றிவிடும். ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் பயன்படுத்தும் செறிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே பெரும்பாலும் மனித இரத்தத்தில் தங்குகிறது.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமின் மட்டும் கொடுத்தபோது அவர்களது இரத்தத்தில் அது மிகக் குறைவாகவோ, அளந்தறிய இயலாத அளவிலோ இருந்தது. அதே குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, உடலில் சேரும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் சேர்ந்த சமையலைப் போற்றுவோர் இவ்வாய்வைச் சான்று காட்டுவதுண்டு. ஆனால், மிகச் சிறிய அளவு பலமடங்கு பெருகினாலும் சிறிய அளவாகவே இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மஞ்சள்தூளில் குர்குமின் 3 விழுக்காடு உள்ளதாகவும், ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராம் மஞ்சள்தூள் உண்பதாகவும் கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 60 மில்லிகிராம் குர்குமின். மேற்கண்ட ஆய்வில் கொடுத்த 2 கிராம் குர்குமினைப் பெற அவர் ஏறத்தாழ 67 கிராம் மஞ்சள்தூளை ஒரே வேளையில் உண்ண வேண்டும்! குழம்பில் இடும் மஞ்சளுக்கும் ஆய்வில் தரும் குர்குமினுக்கும் உள்ள வேறுபாடு இது.

அடுத்த படி விலங்காய்வு. சூலகம் நீக்கப்பட்ட பெண்ணெலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலியும். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய எலிகளுக்கு இருவகை மஞ்சள் சாறுகளைக் கொடுத்து, 2010ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். குர்குமின் வகைப் பொருள்கள் 94 விழுக்காடு கொண்ட சாறு, எலும்பின் உட்புற வலைப்பின்னலில் ஏற்படும் இழப்பில் பாதியளவு வரை தடுத்தது. அப்பொருள்கள் 41 விழுக்காடு கொண்ட சாறு அவ்வாறு காக்கவில்லை. மஞ்சள் என்ற பெயர் ஒன்றாயினும் உள்ளடக்கம் மாறினால் விளைவும் மாறும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. குடலும் கல்லீரலும் பிணைத்து அனுப்பும் குர்குமினை எலும்பு மஜ்ஜையில் உள்ள நொதி மீண்டும் விடுவிக்கக்கூடும் என எலிகளிடம் செய்த மற்றோர் ஆய்வு கூறுகிறது. ஆதலால் இரத்தத்தில் உள்ள அளவை மட்டும் கொண்டு குர்குமினைத் தள்ளிவிடவும் இயலாது.

மூன்றாம் படியே மனித ஆய்வு. குர்குமின் கொடுத்து எலும்பின் அடர்த்தியை அளந்த சிறிய ஆய்வுகள் சில உள்ளன. ஆயினும், குர்குமின் உண்டவர்களுக்கு எலும்பு முறிவு குறைந்தது என்று காட்டிய பெரிய ஆய்வு எதுவும் இன்றுவரை இல்லை. நோயாளிக்கு வேண்டுவது எலும்பு முறியாமையே. அதனை நிறுவாதவரை குர்குமினை எலும்புப்புரைக்கு மருந்து எனக் கூறுதல் பொருந்தாது.

தெரிந்து தெளிவோம்

வேலியோரங்களில் படரும் பிரண்டை, வச்சிரவல்லி என்றும் அழைக்கப்படுகிறது. வடமொழியில் அஸ்திசம்ஹாரம், இந்தியில் ஹட்ஜோட் ஆகிய அதன் பெயர்கள் எலும்போடு தொடர்புடையவை. 1960களில் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவும் ஜி. பிரசாத்தும் எலும்பு முறிவு ஆறுவதில் பிரண்டையின் பங்கை விலங்குகளிடம் ஆய்ந்தனர். 2003ஆம் ஆண்டு மணிப்பால் ஆய்வாளர்கள், சூலகம் நீக்கப்பட்ட எலிகளிடம் பிரண்டைச் சாறு எலும்பு இழப்பை எதிர்த்துச் செயல்பட்டதாக வெளியிட்டனர். பிரண்டையைத் துவையலாக்கும்போது நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்ப்பது வழக்கம். அதில் உள்ள ஆக்சலேட் படிகங்கள் நாவிலும் தொண்டையிலும் அரிப்பை உண்டாக்குவதே இப்பக்குவத்திற்குக் காரணம்.

நிறைவான சான்று எது?

ரேங்க்-எல் என்னும் திறவுகோலையே இலக்காகக் கொண்டு உருவாக்கப்பட்ட மருந்து டெனோசுமாப். அது ரேங்க்-எல் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஊசியாகச் செலுத்தப்படுகிறது. 60 முதல் 90 வயது வரையுள்ள 7,868 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்தில்லாத ஊசியும் செலுத்தி மூன்றாண்டுகள் கண்காணித்தனர். முதுகெலும்பில் புதிய முறிவு, மருந்து பெறாதவரிடம் 7.2 விழுக்காடாகவும் பெற்றவரிடம் 2.3 விழுக்காடாகவும் இருந்தது. இடுப்பெலும்பு முறிவு 1.2 விழுக்காட்டிலிருந்து 0.7 விழுக்காடாகக் குறைந்தது. 2009ஆம் ஆண்டு வெளியான இம்முடிவுகளின் பின்னரே அது மருந்தாக ஏற்கப்பட்டது. அம்மருந்துக்கும் குறை உண்டு. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் எலும்பு இழப்பு விரைந்து திரும்பும்.

தாவரப் பொருள்களின் வழியில் வந்த மற்றொன்றின் கதை வேறுவகையாக முடிந்தது. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்களின் அமைப்பைப் பின்பற்றிச் செயற்கையாக உருவாக்கப்பட்டது இப்ரிஃபிளேவோன். செல்களிலும் விலங்குகளிலும் எலும்பு கரைவதை அது குறைத்தது. ஐரோப்பாவில் எலும்புப்புரை உடைய 474 பெண்களிடம் ஆய்ந்து 2001ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவோ ஏமாற்றம் அளித்தது. அம்மருந்து எலும்பு இழப்பைத் தடுக்கவில்லை. அதனை உண்ட சிலருக்கு நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களுள் ஒருவகையான லிம்போசைட்டுகள் குறைந்தன. முதல் இரு படிகளில் வென்ற பொருள் மூன்றாம் படியில் வீழ்வது மருந்தியலில் அரிதன்று.

கரைக்கும் செல்களை முழுவதுமாக ஒழித்துவிட்டால் என்ன என்று சிலர் வினவலாம். அவ்வாறான நிலை பிறவியிலேயே சிலருக்கு அமைந்துவிடுகிறது. பளிங்கு எலும்பு நோய் எனப்படும் அந்நிலையில் எலும்பு அடர்த்தியாக இருந்தும் எளிதில் முறிகிறது. மஜ்ஜைக்கு இடமின்றி இரத்தசோகையும் உண்டாகிறது. இளகிய மண்ணை வெட்டுவோர் இல்லாத கரை, மேலும் மேலும் மண் கொட்டினாலும் உறுதிபெறாது. கரைக்கும் செல் நமக்குப் பகையன்று, மிகையே பகை.

இயற்கைப்பொருள் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. மஞ்சள் சேர்ந்த துணை மாத்திரைகளை உண்டதால் கல்லீரல் பாதிப்புற்ற 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். அம்மாத்திரைகளுள் சிலவற்றில் பைப்பரினும் இருந்தது. உறிஞ்சுதலைப் பெருக்கினால் பயன் மட்டுமன்றித் தீங்கும் பெருகக்கூடும். உணவில் சேரும் மஞ்சளுக்கும் செறிவூட்டிய மாத்திரைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கும் காண்கிறோம்.

பழமையும் சான்றும்

மஞ்சளைப் பற்றிப் பேசும்போது காப்புரிமை வழக்கு ஒன்றை நினைவுகூர்தல் தகும். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ஆம் ஆண்டு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து, இப்பயன்பாடு நம் நாட்டில் வழிவழியாக இருந்துவருவதைப் பழைய ஆவணங்களால் நிறுவியது. 1997ஆம் ஆண்டு அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மரபறிவைக் காத்ததில் இது குறிப்பிடத்தக்க வெற்றியாகும்.

இவ்வழக்கு எதனை நிறுவியது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவ்வறிவு புதியதன்று, நமக்குரியது என்பதை அது நிறுவியது. மஞ்சள் எந்த நோயை எந்த அளவில் தீர்க்கும் என்பதை அவ்வழக்கு ஆராயவில்லை. பழமை என்பது ஒரு பொருளை ஆராய்வதற்குரிய நல்ல காரணம். ஆராய்ச்சியின் முடிவைப் பழமையே தந்துவிடாது. முன்னோர் சுட்டிய வழியில் நடந்து, அவர்களிடம் இல்லாத கருவிகளால் அளந்து பார்ப்பதே மரபுக்குச் செய்யும் மரியாதை. பவானிசாகரில் இரகம் தேர்ந்த வேளாண் அறிஞர்களும், பனாரசில் பிரண்டையை ஆய்ந்த மருத்துவர்களும், பெங்களூரில் குர்குமினை இரத்தத்தில் அளந்தவர்களும் அத்தகைய மரியாதையையே செய்தனர்.

பதினாறு வயதின் சேமிப்பு

எலும்புப்புரை முதுமையில் வெளிப்படும் நோய் எனினும், அதற்கான காப்பு இளமையில் தொடங்குகிறது. வாழ்நாளில் எட்டக்கூடிய உச்ச எலும்புத் திண்மையில் 90 விழுக்காடு வரை, பெண்கள் 18 வயதுக்குள்ளும் ஆண்கள் 20 வயதுக்குள்ளும் பெற்றுவிடுகின்றனர். அதன்பின் சில ஆண்டுகளில் சேமிப்பு நின்றுவிடும்; பிற்காலத்தில் செலவே மிகும். பதினோராம் வகுப்பில் பயிலும் உங்களுக்கு இச்சேமிப்புக்குரிய காலம் இன்னும் சில ஆண்டுகளே உள்ளது.

16 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 1,050 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. கொங்கு நாட்டின் பழைய உணவாகிய கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. முருங்கைக்கீரையும் பாலும் மோரும் எள்ளும் அதனோடு துணைநிற்பவை. கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். தோலின்மீது படும் வெயில் அதனைத் தருகிறது. ஓட்டமும் கபடியும் கயிறு தாண்டுதலும் எலும்பின்மேல் சுமை ஏற்றுகின்றன. அச்சுமையை உணரும் ஆஸ்டியோசைட் செல்கள், எலும்பு ஆக்கும் செல்களைத் தூண்டுகின்றன. பூப்பெய்தியபின் பெண்பிள்ளைகளை விளையாட்டுத் திடலிலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம், அவர்களது அறுபதாம் வயதின் எலும்பை இன்றே மெலியச் செய்கிறது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

வீட்டில் ஐம்பது வயது கடந்த பெண்கள் இருப்பின், அவர்கள் சிறிய இடறலில் எலும்பு முறிந்தவர்களாகவோ, உயரம் குறைந்து முதுகு கூனியவர்களாகவோ இருப்பின், எலும்பின் அடர்த்தியை அளந்து பார்க்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு விளம்பர மாத்திரைக்கு மாற விடாதீர்கள். குழம்பில் மஞ்சள் மணக்கட்டும்; துவையலில் பிரண்டை சேரட்டும். அவை உணவாக நமக்கு நன்மை செய்கின்றன. அவை மருந்தாகும் நாள் வருமா என்பதை மனிதர்களிடம் செய்யும் முறையான ஆய்வே கூறவேண்டும். அவ்வாய்வைச் செய்யப்போகிறவர் இன்று இவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்திற்குப் பயன்படும் மஞ்சள்தூளின் அளவை எடைபோட்டு, ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் குர்குமினின் அளவைக் கணக்கிடுக.

2. நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ வந்த மூலிகை விளம்பரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கூற்று கிண்ணம், விலங்கு, மனிதர் ஆகிய மூன்று படிகளுள் எதனைச் சான்றாகக் கொண்டது என வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'பழமை என்பது ஒரு பொருளை ஆராய்வதற்குரிய நல்ல காரணம். ஆராய்ச்சியின் முடிவைப் பழமையே தந்துவிடாது' - இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.